வராத இரண்டாம் பாகத்துக்கு வந்த தடை

ரிஃபாத்தின் விளையாட்டை அரசாங்கம் ஒருபோதும் தடை செய்யவில்லை. இந்த அவமானத்தோடுதான் அவர் இரண்டு வருடமாக முஹர்ரம் பேக் தெருக்களில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

எங்கள் அலெக்சாண்ட்ரியாவில் கணினி விளையாட்டு செய்கிறவர்கள் அதை விற்பதற்கு முன்னால் மின்விளையாட்டு ஒழுக்கக் கழகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கழகம் விளையாடிப் பார்க்கும். குற்றம் இருந்தால் சிவப்பு முத்திரை, இல்லாவிட்டால் பச்சை. சிவப்பு முத்திரை விழுந்த விளையாட்டு ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவார்கள். செய்தவருக்குத் துபாயிலிருந்து வேலைக்கு அழைப்பு வரும். பச்சை முத்திரை விழுந்ததைச் செய்தவருடைய மாமியார்கூட விளையாட மாட்டார்.

ரிஃபாத் செய்த விளையாட்டின் பெயர் 'ரொட்டிக்காரன்'. தலையில் ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு சைக்கிளில் தெருத் தெருவாகப் போக வேண்டும். மாடிகளிலிருந்து கயிற்றில் கூடை இறங்கிவரும். அதில் ரொட்டியை வைக்க வேண்டும். எவ்வளவு கொடுத்தாலும் தட்டில் ரொட்டி குறையாது. யாரும் தோற்க முடியாது. கழகம் அதன் சான்றிதழில் 'எவருக்கும் எந்தத் தீங்கும் விளைவிக்காது' என்று எழுதிப் பச்சை முத்திரை குத்தியிருந்தது. வாங்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் பதினொரு பேர் அவர் மனைவி தஹானியின் உறவினர்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நஸீம் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

நஸீமும் ரிஃபாத்தும் ஆறு வருடம் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். நஸீம் தனியாகச் செய்த 'கடலடி நகரம்' சுமாராக ஓடியது. சுமாராக ஓடியவரைக்கும் ரிஃபாத் அவருக்காகப் பிரார்த்தனைகூடச் செய்தார். அதற்குப் பிறகுதான் அந்தத் தேநீர் வந்து தொலைத்தது.

நஸீம் தன் சமையலறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் களைத்துப்போய் ஒரு தேநீர் போட்டு, கண்ணாடிக் குவளையைப் படம் எடுத்து, 'இன்னும் முடியவில்லை' என்று எழுதி இணையத்தில் போட்டார். அன்று சாயங்காலமே 'கடலடி நகரம்' இரண்டாம் பாகம் வருவது உறுதியாகிவிட்டது. குவளையில் நான்கு புதினா இலைகள் இருந்ததால் நான்காம் மாதம் வெளியீடு என்றார்கள். பின்னால் சுவர் பாதி நீலமும் பாதி வெள்ளையுமாக இருந்ததால் கதை பாதி கடலிலும் பாதி கரையிலும் நடக்கும் என்று முடிவு செய்தார்கள். மன்சூராவில் ஒரு பல் மருத்துவர் முழுக் கதையையும் நாற்பது பக்கத்தில் எழுதி வெளியிட்டார். அதில் பதினான்காவது காட்சியில் கடலடி நகரத்து ஆளுநர் ஒரு கணவாய் மீனிடம் கையூட்டு வாங்குகிறார்.

நஸீம் பதறிப்போய், 'இரண்டாம் பாகம் எதுவும் கிடையாது, நான் சொன்னது சமையலறையை' என்று எழுதினார். மறுக்கிறார் என்றால் வேலை முடிந்துவிட்டது என்று ஊர் புரிந்துகொண்டது.

பன்னிரண்டாம் நாள் செய்தித்தாளில் வந்தது. பதினான்காவது காட்சியில் ஆளுநர் பதவியை இழிவுபடுத்திய குற்றத்துக்காக 'கடலடி நகரம்' இரண்டாம் பாகம் தடை செய்யப்படுகிறது.

ரிஃபாத் அதை அவரைப்பருப்பு விற்கும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தார்.

"உஸ்தாத், நம்ம நஸீம் பாஷாவுக்குத் தடை குடுத்துட்டாங்களாமே. குடுத்து வச்சவரு" என்றார் வண்டிக்காரர். "உங்களோடது என்ன ஆச்சு?"

"பச்சை."

"அடடா" என்ற வண்டிக்காரர், காசு கேட்காமல் ஒரு வெங்காயத்தை அதிகமாக நறுக்கி வைத்தார்.

ரிஃபாத்தால் அந்த வெங்காயத்தைச் சாப்பிட முடியவில்லை. பொட்டலத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஏன் சாப்பிடல?" என்றாள் தஹானி.

"பசிக்கல."

"வயிறு எரியறப்ப பசி எங்கேருந்து வரும்."

"அந்த கேமே கிடையாது தஹானி. இல்லாத கேமுக்குத் தடை போடறாங்க. இருக்கற என் கேம ஒருத்தன் சீண்ட மாட்டேங்கறான்."

"நல்லதுதானே. நிம்மதியா இருங்க."

"நிம்மதியத் திங்க முடியுமா?"

"பொறாமைய மட்டும் மூணு வேளையும் திங்கறீங்களே."

மறுநாள் காலை ரிஃபாத் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கழகத்துக்குப் போனார். 'ரொட்டிக்காரன்' என்னும் தன் விளையாட்டைத் தயவுகூர்ந்து தடை செய்ய வேண்டுமென்று ஒரு மனு கையில் இருந்தது.

கழகத்தில் பன்னிரண்டு அதிகாரிகள். அவர்களில் விளையாடத் தெரிந்தவர் ஒருவர்தான், மூன்றாம் மாடியில் இருக்கும் மதாம் இன்ஷிராஹ். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்த அந்த அம்மாள், கால் வலிக்காக வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, இரண்டே விரல்களால் தேசத்துக்கு வரும் எல்லா விளையாட்டையும் விளையாடி முடிப்பார். மற்ற பதினொரு பேரும் அவர் விளையாடியதை மேற்பார்வை செய்தார்கள்.

மனுவைப் படித்துவிட்டு மதாம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மகனே, தடைன்னா கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கறதா? அதுக்கு ஒரு தகுதி வேணாமா?"

"இன்னொரு தடவ பாருங்க மதாம். எங்கயாவது ஒரு குத்தம் இல்லாமலா போயிடும்."

"மூணு தடவ பார்த்துட்டேன். முதல் தடவ வேலைக்காக. அந்த நாலாவது மாடி அம்மா கூடைய இறக்குவாங்களே, ரொட்டிய வச்சதும் கூடை உடனே மேல போகாம கொஞ்சம் ஆடிட்டு நிக்கும். அங்க எனக்கு அழுகை வந்துடுச்சு. விளையாடறவங்களுக்கு அழுகை வந்தா பச்சை முத்திரைன்னு விதி இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"மத்த ரெண்டு தடவ?"

மதாம் குடுவையிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றினார்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து இயக்குநர் ஃபிக்ரி பாஷா வெளியே வந்தார். அகலமான மனிதர், கையில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார். ரிஃபாத் நஸீமின் பழைய கூட்டாளி என்று தெரிந்ததும் தோளில் கைபோட்டுத் தன் அறைக்குள் அழைத்துப்போனார்.

"பாருங்க தம்பி. நாங்க கேமுக்கு எதிரியில்ல. ஜனங்க அதை விளையாடறாங்களே, அதுக்குத்தான் எதிரி. இருபத்திரண்டு வருஷமா தடை பண்றேன். இல்லாத ஒண்ணத் தடை பண்ணற மாதிரி சுத்தமான வேலை வேற கிடையாது. யாருக்கும் நஷ்டமில்ல, மேல்முறையீடு இல்ல. ஆனா அதுலயும் நிம்மதியா விடறாங்களா?" செய்தித்தாளை விரித்தார். "நாங்க தடை பண்ண மறுநாளே ஒலிபரப்புக் கழகமும் அதையே தடை பண்ணியிருக்கு. எங்க வாசகத்த வரிக்கு வரி திருடியிருக்காங்க. இப்ப தாங்கதான் முதல்ல பண்ணதா அவங்க சொல்றாங்க. அந்தக் கழகத்துக்கு ஏழு மாடி. எங்களுக்கு மூணு. நான் இதையெல்லாம் எவ்வளவு நாளைக்குப் பொறுக்கறது?"

அவருடைய குரல் தழுதழுத்தது. ரிஃபாத்துக்கு அந்தத் தழுதழுப்பு நன்றாகவே தெரிந்தது. இரண்டு வாரமாக அவர் தொண்டையிலும் அதுதான் இருந்தது.

"அடுத்த வியாழக்கிழமை கெய்ரோவிலேருந்து குழு வருது" என்று இயக்குநர் தொடர்ந்தார். "எது விழிப்பான கழகம்னு பார்த்து விருது குடுப்பாங்க. முதல்ல கோப்பப் பாப்பாங்க. தடை பண்ண பொருளோட ஒரு பிரதி கோப்புல இருக்கணும், அதுதான் இங்க வழக்கம். புத்தகம்னா புத்தகம், கேம்னா கேம். இது ஒண்ணுக்குத்தான் பிரதி இல்ல. நீங்க சொல்லுங்க, உங்க நண்பன்கிட்ட அந்தக் கேம் இருக்கா இல்லையா?"

இல்லை என்பது ரிஃபாத்துக்குத் தெரியும். அந்தச் சமையலறைச் சுவரைப் போன வாரம்தான் அவரே நேரில் பார்த்தார். ஒரு சொல் போதும். ஆனால் செய்தித்தாள் அவர் முகத்துக்கு நேராக விரிந்து கிடந்தது. அதில் நஸீமின் படம் நாலு பத்தி அகலத்துக்கு இருந்தது. இறைவன் நம் எல்லோருடைய நாக்கையும் காக்கட்டும்.

"இருக்கும் பாஷா" என்றார் ரிஃபாத். "நஸீம் எதையும் பாதியில விடற ஆள் இல்ல."

அன்று மாலையே நஸீமுக்கு அறிவிப்பு போனது. புதன்கிழமைக்குள் இரண்டாம் பாகத்தின் ஒரு பிரதியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் கோப்பு முடிந்துவிடும், தண்டனை கிடையாது. தவறினால் தடை செய்யப்பட்ட பொருளை ஒளித்துவைத்த குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, தொழில் உரிமம் ரத்து. கூடவே நான்கு பேர் வந்து, அவர் அதை எங்கேயாவது மறைத்துவிடாமல் இருப்பதற்காக வீட்டிலிருந்த கணினிகளுக்கெல்லாம் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

நஸீம் கழகத்துக்கு ஓடினார். அப்படி ஒன்று இல்லையென்று இரண்டாம் எண் சாளரத்தில் சொன்னார்.

"இல்லாததத் தடை பண்ணிட்டோம்னு சொல்றீங்களா? அது கழகத்தை அவமதிக்கறது. அதுக்குத் தனி வழக்கு" என்றார் அங்கிருந்தவர்.

"சரி, புதுசா செஞ்சே குடுத்துடறேன்."

"தடை பண்ண கேமச் செய்யறது குத்தம். அனுமதி வேணும்."

"அனுமதி குடுங்க."

"தடை பண்ண கேமுக்கு எப்படி அனுமதி குடுக்கறது?" என்றார் அவர் நிஜமான வருத்தத்தோடு. "ஐந்தாம் எண் சாளரத்துல கேட்டுப் பாருங்க."

ஐந்தாம் எண் சாளரம் போன ரமலானிலிருந்து மூடியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் நஸீம் ரிஃபாத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார். கண் குழி விழுந்திருந்தது. சட்டைக் கையில் நீல வண்ணம் ஒட்டியிருந்தது.

"ரெண்டு நாளைக்கு உன் கம்ப்யூட்டரத் தர்றியாடா?" என்றார் உட்காராமலே. "ஏதாவது ஒண்ண ஒப்பேத்திக் குடுக்கணும். ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஆனா கையக் கட்டிட்டு உக்காந்திருக்க முடியல."

"உக்காரு."

"உன்ன நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்குடா. பச்சை முத்திரை வாங்கி, வீட்ல மாட்டிட்டு, நிம்மதியா தூங்கற."

ரிஃபாத் தேநீரை அவர் முன்னால் வைத்தார். பிறகு, வைத்த கையை எடுக்காமலே, ஃபிக்ரி பாஷாவின் அறையில் தான் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னார். சமையலறை வாசலில் நின்றிருந்த தஹானி உள்ளே போய்விட்டாள்.

தெருவில் எரிவாயு உருளைக்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனான்.

"உன் நாக்கு உன் கேம விட நல்லா ஓடியிருக்கு" என்றார் நஸீம்.

"ஆமா."

"ஆறு மாசம்டா."

"தெரியும். ரொட்டிக்காரன எடுத்துக்கோ."

"என்ன?"

"முழு கேம். செஞ்சு முடிச்சது. வானத்தக் கடலாக்கிடலாம். சைக்கிளுக்குப் பதிலா ஆமை. புறாவெல்லாம் மீனு. மேல உன் பேரப் போட்டுக்கோ. நாற்பத்தொரு பேருதான் பார்த்திருக்காங்க, அதுல ஒருத்தரும் அதிகாரி இல்ல."

"அந்த மதாம்?"

ரிஃபாத் அதை யோசிக்கவில்லை. யோசித்தால் கொடுக்கத் தோன்றாமல் போய்விடும் என்றுதான் யோசிக்கவில்லை.

இரண்டு பகலும் இருவரும் பழையபடி ஒரே விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தஹானி ரொட்டியும் அவரைப்பருப்பும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள். கணவாய் மீனை நஸீம் வற்புறுத்திச் சேர்த்தார். எதிர்பார்ப்பவர்களை ஏமாற்றக் கூடாது என்றார். முதல் திரையில் 'ஆக்கம்: ரிஃபாத்' என்று இருந்த வரியை மட்டும் யார் அழிப்பது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரிஃபாத்தே அழித்தார். சுலபமாக இல்லை. நான்கு எழுத்துப் பெயர், நான்கு தட்டு.

புதன்கிழமை பிரதி ஒப்படைக்கப்பட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. கெய்ரோவிலிருந்து வந்த தலைவர் நடுவில், ஒலிபரப்புக் கழகத்தின் பிரதிநிதி ஒரு ஓரத்தில். விளையாட்டு இருப்பதை முதலில் உறுதிப்படுத்திய சாட்சி என்று ரிஃபாத்தையும் வரச்சொல்லியிருந்தார்கள். நஸீம் சுவரோரமாக நின்றார்.

"முதலில் தடை, பிறகு பொருள்" என்று ஃபிக்ரி பாஷா எழுதி வைத்ததைப் படித்தார். "இந்தக் கழகத்தின் தொலைநோக்கு இது. குற்றம் பிறப்பதற்கு முன்பே அதற்கான தண்டனையை நாங்கள் தயாராக வைத்திருக்கிறோம். மற்ற கழகங்கள் பொருளைப் பார்த்த பிறகே தடை செய்கின்றன. அதில் என்ன திறமை இருக்கிறது?"

ஒலிபரப்புக் கழகத்தின் பிரதிநிதி அந்த வாசகத்தைக் குறித்துக்கொண்டார்.

மதாம் இன்ஷிராஹ் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரல்களால் விளையாடத் தொடங்கினார். நீலத் தெருவில் ஆமை போனது. முதல் முனை திரும்பியது. மேலேயிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.

மதாமின் விரல்கள் நின்றன.

"கடலுக்கடியில எதுக்குய்யா கூடை?" என்றார் தலைவர். "நீந்தி வரலாமே."

"நாலாவது மாடி பாஷா" என்றார் நஸீம். "வயசானவங்க."

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிஃபாத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை முத்திரை குத்திய அதே பொருள் இது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் உண்மை சொன்னவராவார். அந்த அறையில் இரண்டு பேர் சிறைக்குப் போவார்கள். சொல்லாமல் விட்டால், ஏழு மாதத்தில் வரவேண்டிய ஓய்வூதியத்தை அந்தக் கூடையிலேயே பணயமாக வைத்துவிட்டதாக அர்த்தம்.

ரொட்டியைக் கூடையில் வைத்தார். கூடை ஆடியது. மதாம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுதால் பச்சை முத்திரை என்ற விதி அவருக்குத் தெரியும்.

"எப்படி இருக்கு மதாம்?" என்றார் இயக்குநர்.

"ரொம்ப ஆபத்தானது பாஷா."

"பார்த்தீங்களா. எங்கே ஆபத்து?"

"இதுல யாரும் தோக்க மாட்டாங்க."

அறையில் ஒரு சலசலப்பு. தலைவர் முன்னால் சாய்ந்தார். "ரொட்டி ஏன் குறைய மாட்டேங்குது?"

"எவ்வளவு குடுத்தாலும் குறையாது பாஷா."

"மானிய ரொட்டிக்கு நாங்க ஜனங்கள வருஷம் பூரா வரிசைல நிக்க வைக்கறோம். ஆளுக்கு அஞ்சுன்னு எண்ணிக் குடுக்கறோம். இவன் ஒரு ஆமைய வச்சு ஊருக்கெல்லாம் குடுத்துடுவானா?" தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வரிசை இல்ல, அட்டை இல்ல, கையெழுத்து இல்ல. அப்புறம் நாமெல்லாம் எதுக்கு?"

அது ஒன்றுதான் அன்றைய கூட்டத்தில் எழுந்த உண்மையான கேள்வி. அதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கணவாய் மீன் வந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. தடை உறுதியானது. ரொட்டிக்காக இன்னொரு சிவப்பு முத்திரை கூடுதலாக விழுந்தது. ஃபிக்ரி பாஷாவுக்கு விருது கிடைத்தது. நஸீமின் கணினிகளுக்கு வைத்த சீலை எடுத்தார்கள். வெளியே போகும்போது மதாம் ரிஃபாத்தின் பக்கத்தில் ஒரு கணம் நின்றார்.

"ஆமை நல்லாயில்ல மகனே" என்றார் மெதுவாக. "சைக்கிள்தான் நல்லாயிருந்துச்சு."

குழுவினர் ஒவ்வொருவரும் மேலாய்வுக்கென்று ஒரு பிரதி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நகரம் முழுக்கப் பரவியிருந்தது. மன்சூரா பல் மருத்துவர், இவ்வளவு ஆழமான படைப்பைத் தன்னாலேயே யூகிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். நாவிதர் கடையிலும் மீன் சந்தையிலும் நஸீம் ஒரு மேதை என்று பேசினார்கள். அவரைப்பருப்பு வண்டிக்காரர் ரிஃபாத்தைக் கூப்பிட்டு, "உஸ்தாத், அதை விளையாடினீங்களா? நீங்களும் ரொட்டிய வச்சு என்னமோ பண்ணீங்களே, அவரு பாருங்க, அதையே எப்படிப் பண்ணியிருக்காரு" என்றார்.

நஸீம் தினமும் வந்தார். "நான் உண்மையச் சொல்லிடறேன்டா. எனக்குச் சோறு இறங்கல."

"சொன்னா உனக்கு ஆறு மாசம், எனக்கு ஆறு மாசம். அந்தம்மாவுக்கு ஓய்வூதியம் போயிடும். பேசாம இரு."

"உனக்கு எப்படிடா இருக்கு?"

"எப்படி இருக்கும். எரியுது."

பொய் சொல்லவில்லை. முன்பு, இல்லாத ஒரு விளையாட்டின் மேல் பொறாமைப்பட்டார். இப்போது தன்னுடையதன்மேலேயே பொறாமைப்பட வேண்டியிருந்தது. அதிகாலை ஃபஜ்ர் தொழுகையில் இதை எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதிய நேரம், சீதி பிஷ்ர் போகும் மைக்ரோபஸ்ஸில் ஏறினார். பக்கத்து இருக்கையில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர், கருவிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கைபேசியில் குனிந்திருந்தார். நீலத் தெருவில் ஆமை நின்றது. கதவோரத்தில், மீனாக மாற்றாமல் விட்ட ஒரு நாய் படுத்திருந்தது.

"நீங்க இதை விளையாடியிருக்கீங்களா பாஷா?" என்றார் அவர் தலை நிமிராமல்.

"கொஞ்சம்."

"இந்த நாய்க்கு ரொட்டி குடுத்தா என்ன கிடைக்கும்? புள்ளி ஏதாவது ஏறுமா?"

ரிஃபாத் திரையைப் பார்த்தார். அந்த நாயை வரைய அவருக்கு நான்கு நாள் ஆனது.

"ஒண்ணும் கிடைக்காது" என்றார்.

"ஒண்ணுமே கிடைக்காதா?"

"ஒண்ணுமே."

குழாய்க்காரர் யோசித்தார். ஓட்டுநர் கட்டணம் கேட்டுக் கத்தினார். பின்னாலிருந்து காசு தோள் தோளாக முன்னே போனது. அவர் அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுபடி குனிந்து, நாய்க்கு முன்னால் ஒரு ரொட்டியை வைத்தார்.

"பாவம், இருக்கட்டும்" என்றார்.

ரிஃபாத் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. குழாய்க்காரர் இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தார்.